மூன்றுக்கும் ஒரே பொட்டு

ஆயுத பூஜைக் காலை. சந்தனக் கிண்ணத்தோடு அறைக்குள் வருகிறேன். நேற்றுவரை மூன்று கம்ப்யூட்டர்கள் இருந்த மேசையில் என் கணவர் குமரேசனுடையது மட்டும், பூஜை நாளிலும் ஓய்வில்லாமல் இரைந்துகொண்டிருக்கிறது. "என்னுது எங்கங்க?" என்கிறேன். "உன்னுது, பாப்பாவுது ரெண்டுலயும் இருந்ததை அப்படியே இதுல ஏத்தி, இதுக்குள்ளயே தனித்தனி கம்ப்யூட்டரா ஓட விட்டுட்டேன். கரண்ட் கம்மி. பழைய பெட்டிங்க காயலான் கடைக்குப் போயாச்சு. வேணும்னா கேளு, தொறந்து விடறேன்." என்னுடையதைத் திறக்க நான் அவரைக் கேட்க வேண்டுமா? எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் குறிப்புகளைத் தட்டச்சு செய்த காசில் நான் வாங்கிய கம்ப்யூட்டர், அவர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டமாக மினுங்குகிறது. "இதுலயே பொட்டு வெச்சிடு. மூணுக்கும் வெச்ச மாதிரிதான்" என்று தன் பெட்டியை என் பக்கம் திருப்புகிறார். செங்கம் பஸ்ஸின் ஹாரன் ஜன்னல் கண்ணாடியை உலுக்குகிறது. விரலில் சந்தனம் காய்கிறது. என் கம்ப்யூட்டர் நின்ற இடத்தில் மட்டும் தூசி படியாத ஒரு சதுரம். அந்த வெறும் பலகையில், அவர் பார்க்கப் பார்க்க, அழுத்தி வைக்கிறேன் பொட்டை.