லைட்டவுஸ் ஒசரத்து அலை

"லைட்டவுஸ் ஒசரத்து அலைய வாயாலயே மொழங்கால் ஒசரத்துக்குக் கொறச்சிட்டேன், மச்சான்!" என்றான் மாமல்லபுரத்து மீனவன் தேசப்பன், கூட்டாளி மாயவனிடம்.

கட்டுமரம் கவிழ்ந்ததிலிருந்து ஒரு வருஷமாகக் கடலைக் கண்டாலே உதறல் அவனுக்கு. செங்கல்பட்டு மனநல டாக்டர் மருந்தே தரவில்லை. வாராவாரம் அந்தக் கதையையே சொல்ல வைத்தார். சொல்லச் சொல்ல அலை பனைமரமாகி, கூரையாகி, முழங்காலில் வந்து நின்றது.

"மீன் புடிக்கிறவன் கத வளரும், தேயுமா? அன்னிக்கு அலையே இல்ல. நீ தூங்கி வுழுந்தே!" மாயவன் சிரித்தான். முட்டிவலி என்று அவனும் ஒரு வருஷமாகக் கரையில்தான் வலை பின்னுகிறான்.

தேசப்பன் கட்டுமரத்தைக் கடலில் தள்ளினான். கூடை நிறைய சங்கரா மீனோடு திரும்பினான்.

மாயவன் மெல்ல வந்து காதைக் கடித்தான். "டாக்டரு இன்னா கெழமை இருப்பாரு?"

"இன்னாத்துக்கு, முட்டிக்கா?"

"இல்ல மச்சான்... அன்னிக்கு உம் பின்னால ஒக்காந்துகினு இருந்தவன் நான்தானே. அலை லைட்டவுஸ் ஒசரந்தான்!"