ஒரு சாண் இடைவெளி

ஒரு காருக்குள்ளே ரெண்டு பேர் எவ்வளவு தூரம் விலகி உக்கார முடியும்?

இதை யாரிடமும் கேட்க முடியாது. அதனால் அவள் ஓரத்தில் நின்ற சின்னக் காரில் டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே கையை விரித்து அளந்தாள். ஒரு சாண் இருந்தது.

"என்ன மேடம் அளக்கறீங்க?" என்றாள் ஷோரூம் பெண். காலையிலிருந்து காட்டிக் காட்டி அவளுடைய சிரிப்பே களைத்துப் போயிருந்தது.

"சும்மாதான்."

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தானும் தம்பியும் தூங்கிய மரத்தொட்டில்தான் வேண்டும் என்று போனில் ஒரே அடம். தொட்டிலைக் கழற்ற முடியாது. மகள் ஊருக்குச் சாலை வழியாக மூன்று நாள் ஆகும். பழைய கார் பாதி வழியிலேயே படுத்துவிடும். பணி ஓய்வில் வந்த பணத்தில் புதுக் கார் வாங்கலாம், ஆனால் தேர்வு தன்னுடையது என்று அவள் கணவரிடம் சொல்லியிருந்தாள்.

கணவர் ஏழு பேர் உட்காரும் பெரிய கார் ஒன்றைச் சுற்றி வந்தார். "இதுதான் சரி. அவனைக் கடைசி வரிசையில தள்ளிடலாம். மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். சொல்லு அவன்கிட்ட."

மகன் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

"அப்பாவுக்கு இது பிடிச்சிருக்காம்டா. பின்னாடி நீ கால் நீட்டிப் படுக்கலாமாம்."

"பெரிய ஸ்கிரீன் இருக்கற வண்டியா பாரும்மா. படம் போட்டுட்டா அவர் பாட்டைக் கேக்க வேண்டாம். சொல்லிடு."

"ஸ்கிரீன் இருந்தா உங்களுக்கு வழி பார்க்க வசதின்னு சொல்றாங்க."

ஷோரூம் பெண் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் காதருகே வந்து, "சாருக்குக் காது கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் பாம்புச் செவிம்மா."

மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வாசலில் வந்து நின்ற அன்று தொடங்கியது இது. அன்றிலிருந்து அப்பாவின் பேச்சும் மகனின் பேச்சும் அவள் வழியாகவே போய் வந்தன. மிளகாயாக உள்ளே போகும். வெல்லமாக வெளியே வரும். சில நாட்களில் அவள் தனக்காக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், இது யாருடைய பேச்சு என்று அவளுக்கே குழம்பிப்போகும்.

"அந்த ஓரத்துல நிக்குதே, சின்னது. அது போதும்" என்றாள்.

"அதுல ஸ்கிரீன் கிடையாதே மேடம். வெறும் ரேடியோதான். ஊரைத் தாண்டினா அதுவும் சரியா எடுக்காது."

"நல்லதாப் போச்சு."

ஷோரூம் பெண் குழம்பிப் போனாள். "பின்சீட்டும் ஒரே பலகையா மடியும். பாதிப் பாதியா மடியற மாடல் கொஞ்சம் விலை கூட..."

"இதுவே இருக்கட்டும். தொட்டில் பெருசு."

"ஏம்மா, கார் வாங்க வந்தியா, கத்தரிக்காய் வாங்க வந்தியா?" என்றார் கணவர். "நல்லதையெல்லாம் சொத்தைன்னு ஒதுக்கிட்டுச் சொத்தையைப் பொறுக்கறியே!"

"அம்மா நல்லாக் குழம்பியிருக்கே நீ" என்றான் மகன்.

குழப்பமாகத்தான் இருந்தது அவளுக்கும். இவ்வளவு தூரப் பயணம். கணக்குத் தப்பினால் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனாலும், "ஓட்டிப் பார்த்துடுங்க" என்றாள்.

கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தொட்டில் கொள்ளுமா என்று பார்ப்பதற்காக அவள் மடித்த பின்சீட் அப்படியே கிடந்தது. வேறு வழியில்லாமல் மகன் முன்னால் ஏறினான். தோளும் தோளும் உரசின. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமா, பின்னாடி தொட்டிலை வெச்சுட்டா நீ எங்கே உக்காருவே?" என்றார் கணவர், அப்போதுதான் தோன்றியவராக.

"எனக்கு ரயில்ல டிக்கெட் எடுத்துட்டேங்க. நான் முன்னாடியே போய்ப் பேத்தியைப் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் தொட்டிலோட வந்து சேருங்க."

கணவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வழியில மாத்தி ஓட்டுவானான்னு அவன்கிட்ட கேளு."

பதில் தயாராக இருப்பதுபோல் மகன் அவள் முகத்தைப் பார்த்தான்; கேள்வி வந்து சேரவேண்டியதுதான் பாக்கி.

"நான் கேக்க மாட்டேங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் வெளியிலிருந்தே காரின் கதவைச் சாத்தினாள்.