எட்டாவது தாள்

அன்று என் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். மாத்தளையில் புஹாரி ஹாஜியார் என்று அறியப்பட்ட நான். என் மனைவி முனவ்வரா. எங்கள் ஒரே மகள் றுக்ஸானா. அவள் கணவன் ஸஜ்ஜாத். அவனுடைய வாப்பா, இரத்தோட்டை ஜவாஹிர்.

வேறு எவரும் இல்லை. கதவைச் சாத்தியவன் நான்தான்.

மகள் பிரிவு கேட்டு ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. முஸ்லிம் மண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்துக்குப் போனால் வீட்டுக் குறைகளை அந்நியர் முன் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எவரும் அந்தப் படி ஏறியதில்லை. பெண் பக்கம் ஒருவர், மாப்பிள்ளை பக்கம் ஒருவர் உட்கார்ந்து பேசித் தீர்ப்பதே எங்கள் முறை.

அந்த முறையில் நான் ஊரில் ஏழு குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஏழு இணக்கத் தாள்களும் என் அலுமாரியில் இருக்கின்றன. ஒன்றுகூடப் பிசகியதில்லை.

எட்டாவதை முதல்நாளே எழுதி வைத்திருந்தேன்.

ஸஜ்ஜாத் சீகிரியா ஹோட்டல் வேலையை விட்டு மாத்தளைக்கு வர வேண்டும். மகள் மறுபடியும் அவனோடு குடியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு இரு வீட்டாரும் குறுக்கே வரக் கூடாது.

நிறுத்தி, தெளிவாக வாசித்தேன். அதில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஜவாஹிர் தேத்தண்ணியை உறிஞ்சியபடி தலையாட்டினார்.

"ஒம்பது வருஷம் ஹாஜியார். ஒரு சண்ட ஈக்கா? அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க."

"சண்ட புடிக்க ஆளத் தெரிஞ்சிருக்கணுமே, மாமா" என்றாள் றுக்ஸானா.

ஸஜ்ஜாத் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். ஒன்பது வருடங்களில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். நான்கே வரிகள். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம். ஒருவர்மேல் மற்றவருக்குக் குற்றச்சாட்டு இல்லை. காதியார் இதை வழக்கில்லாமல் பதிந்துகொள்ளட்டும். பிள்ளைகள் இல்லை, பிணக்கும் இல்லை.

கீழே அவனுடைய கையெழுத்து. பக்கத்தில் மகளுக்குரிய இடம் காலியாக இருந்தது. வாப்பாவின் முன்னால்தான் வைப்பேன் என்று சொல்லியிருந்தாளாம்.

"இத எவன்டா எழுதித் தந்த?" என்று ஜவாஹிர் எழுந்துவிட்டார்.

"நாங்க ரெண்டு பேரும்தான் வாப்பா. ஒன்டா உக்காந்து."

"ஒன்டா உக்காந்து எழுத ஏலும். ஒன்டா குடும்பம் நடத்த ஏலாதோ?"

அவன் தாளை றுக்ஸானாவின் பக்கம் நகர்த்தி வைத்தான்.

நான் அந்தத் தாளைத் தொடவில்லை. நான் எழுதிய தாளை முன்னால் இழுத்து, மைப் பேனையின் மூடியைக் கழற்றினேன். மகளுக்காக நான் ஒப்பமிட்டால் போதும் என்றேன். எப்போதும் அப்படித்தான்.

"நிக்காஹ் அன்டைக்கு நான் எங்க கையெழுத்து வெச்ச, வாப்பா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். வைத்த சாவியைத் தேடுகிறவள் கேட்பதுபோல.

பதில் சொல்வதற்காக அந்தப் பதிவுப் புத்தகத்தை நினைவில் கொண்டுவந்தேன். மாப்பிள்ளையின் ஒப்பம். இரண்டு சாட்சிகள். பதிவாளர். பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, நான்.

அவள் அப்போது மாடியில் பெண்களோடு இருந்தாள். ஒப்பமிட்டுவிட்டுப் படியேறிப் போய், "முடிஞ்சி மகள்" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவளுடைய சம்மதம் என்று இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஒப்பம் முதலில். தலையாட்டல் பிறகு.

அலுமாரியில் இருக்கும் ஏழு தாள்களும் நினைவுக்கு வந்தன. ஆறில் பெண்ணின் வாப்பா ஒப்பமிட்டிருக்கிறார். ஒன்றில் அவளுடைய மூத்த சகோதரன். ஏழிலும் நான் சாட்சி.

ஒரு பெண்ணின் கையெழுத்தும் இல்லை.

கோப்பைகளை எடுக்க வந்த முனவ்வரா, எடுக்காமல் நின்றாள். ஜவாஹிர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையசைத்தால் அவர் மகனை இழுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் வழக்குதான்.

என் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பமிட்டாள். சுருக்கி எழுதவில்லை, முழுப் பெயரையும் எழுதினாள். அதில் என் பெயரும் இருக்கிறது.

மூன்று வாரங்களில் காதியார் பதிந்து கொடுத்தார். எவரும் எங்கள் வீட்டுக் குறை எதையும் வாசிக்கவில்லை. எட்டாவது தாளும் இப்போது என் அலுமாரியில்தான் இருக்கிறது, அவர்கள் எழுதியதன் பிரதி.

இரத்தோட்டையில் ஒரு கதை உலவுவதாகக் கேள்விப்படுகிறேன். புஹாரி ஹாஜியாரின் மகள் வாப்பாவின் கையிலிருந்து பேனையைப் பறித்தாளாம். அன்று என் சட்டைக் கையில் இருந்த மைக்கறைதான் அத்தாட்சியாம்.

அது பொய். பறித்திருந்தால் மை அவள் விரலில் பட்டிருக்கும். நான்தான் பேனையைத் திருப்பி, நிப் என் பக்கம் இருக்க, பிடியை அவள் பக்கம் நீட்டினேன்.