கடித்துப் பார்க்கும் மண்

துளையிடும் எந்திரத்தை நிறுத்திவிட்டோம். ஹங்கேரிச் சமவெளியின் பனிக்கால வெயில் சேற்றுச் சல்லடைமேல் சாய்ந்து விழுகிறது. ஆழத்திலிருந்து சற்றுமுன் வந்த சாம்பல்நிற மண்ணில் சிறு துணுக்கை அரசாங்க நிலவியலாளர் பிரோஷ்கா எடுத்து வாளித் தண்ணீரில் அலசுகிறார். களிமண் என்றால் பல்லில் வெண்ணெயாய் வழுக்கும். மணல் என்றால் நறநறக்கும். மணலில்தான் வெந்நீர் ஊறிக் கிடக்கும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் பக்கத்திலிருக்கும் குளிரிலும் மிளகாய் வளர்க்கும் தன் கண்ணாடிக்குடிலை இந்த வருடத்தோடு விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் கெர்கெய். அவர் நீட்டும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை பிரோஷ்கா புறங்கையால் ஒதுக்குகிறார்.

"அப்புறம். ரொட்டி தின்ன வாய்க்கு மண்ணு புடிபடாது."

"ஆபீஸ்ல அத்தனை மிஷின் இருக்கு, மேடம் கடிச்சுப் பாக்குறாங்க," என்கிறான் எங்கள் துளையிடும் குழுவின் அம்ப்ரூஷ்.

"மிஷின் பதில் சொல்றதுக்குள்ள உன் மீசை நரைச்சுடும் அம்ப்ரூஷ்."

துணுக்கை முன்பற்களுக்கிடையே வைத்து, கண்ணை மூடி, மெல்லத் தாடையை அசைக்கிறார். கெர்கெய் அவர் வாயையே பார்க்கிறார். சல்லடையிலிருந்து சேறு சொட்டுகிறது. தாடை நிற்கிறது, மறுபடி அசைகிறது. அந்த அமைதியில் அருகில் நிற்கும் எனக்கே கேட்கிறது, நறநறவென்று. பிரோஷ்கா துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, ரொட்டிக்குக் கை நீட்டுகிறார்.