ஞாயிறு பத்து மணி

இந்தக் கல்யாண சீசனுக்கும் யாரும் வாசிக்கக் கூப்பிடாவிட்டால் ட்ரம்பெட்டை விற்க வேண்டியதுதான். அச்சகக்காரன் மிலுட்டினிடம் போஸ்டர் அடிக்கச் சொன்னேன்.

“கலர்ல போடலாம், பெரியவரே. போன் நம்பர் சொல்லுங்க.”

“கலர்னு சொல்லிக் காசு புடுங்காதே. நம்பர் கொடுத்தா திருடன்தான் கூப்பிடுவான். என் படம், ‘ட்ரம்பெட் ராடிசாவ்’, ‘ஞாயிறு பத்து மணி, வீட்டில்’. கறுப்புல கட்டம் கட்டு. போதும். வந்து கேட்டுட்டு முடிவு பண்ணட்டும்.”

மரத்துக்கு மரம், ஊர்ச் சாவு நோட்டீசுகளுக்குப் பக்கத்தில், நானே ஒட்டினேன்.

ஞாயிறு ஒன்பதே முக்கால். ஒருவரும் வரவில்லை.

வாசலில் ட்ரம்பெட் சத்தம். கதவைத் திறந்தால் ஊரே கறுப்பு உடையில், பூவோடு. முன்னால் என் போட்டிக்காரன் ஸ்வெஸ்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

“யாருடா செத்தது?”

அவன் முகம் வெளுத்தது.

“நீதாண்ணே! மரமெல்லாம் கறுப்புக் கட்டத்துல உன் படம்தானே! அச்சாரம் வேற வாங்கிட்டேன். கொஞ்சம் படுத்துக்கோ, வாசிச்சு முடிச்சிடறேன்.”