சூசையப்பர் அனுப்பிய ஆள்

"ஆருன்னு மட்டும் சொல்லிராதீங்கய்யா! சொன்னா என் பொருத்தனை பாழாப் போயிரும்."

வாசலில் நின்றவரைப் பார்த்து ஆரோக்கியம்மாள் அலறாத குறையாகச் சொன்னாள். கரி படிந்த பனியன், தலையில் முண்டாசு, கையில் காலி டின். ஏதோ சொல்லத் திறந்த வாயை அந்த ஆள் பயந்து மூடிக்கொண்டார்.

"தண்ணி வேணுங்க. டின்னு நெறைய..." என்றார் மெதுவாக.

"தண்ணியென்ன, சோறே போடுறேன். உள்ள வாங்க."

ஆவூர் சவரிமுத்து வீட்டில் அன்று காலையிலிருந்தே இந்தக் கூத்துதான். மகள் ஞானப்பூவைப் பெண் பார்க்க, திருச்சியிலிருந்து மத்தியான பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவரை வந்த வரனெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிப் போய்விட்டது. இதுவும் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தாய் ஆரோக்கியம்மாள் பயந்தாள். உடனே புனித சூசையப்பரிடம் ஒரு பொருத்தனை வேண்டிக்கொண்டுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும் வரை, வாசலுக்கு வரும் முகந்தெரியாத ஆட்களுக்கெல்லாம் குடும்பமே உபசாரம் செய்யும். அவர்கள் சாப்பிட்டு எழும்வரை யார், என்ன வேலை என்று கேட்கக் கூடாது. சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. வருவது சூசையப்பராகவே இருக்கலாம், யார் கண்டது?

காலையில் அம்மி கொத்த வந்தவள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, வந்த வேலையை மறந்து கொத்தாமலேயே போனாள். இப்போது இந்த ஆள்.

"என்னங்க, காலைக் கழுவி விடுங்க" என்று கணவனுக்கு உத்தரவு போட்டாள்.

"ஏ புள்ள, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குன்னு கட்டுன சலவை வேட்டி இது!"

"வேட்டி பெருசா, மக பெருசா?"

சவரிமுத்து குனிந்து கழுவினார். வேட்டியெல்லாம் கரி. அந்த ஆள் கூச்சத்தில் நெளிந்தார்.

"வேணாங்க, நான் சீக்கிரம் போகணும். அங்கிட்டு எனக்காக..."

"உஷ்! சொல்லக்கூடாது!" என்று மூன்று பேரும் சேர்ந்து காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆரோக்கியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், புள்ளகுட்டிக பட்டினியா காத்துக்கெடக்கு போல. போகும்போது சோறு கட்டிக் குடுப்போம்."

"அம்மா, கையப் பாரு. கொப்புளமா இருக்கு" என்றாள் ஞானப்பூ.

"பொங்கிப்போட ஒரு பொம்பள இல்லாம, தானே ஒல வச்சு சுட்டுக்கிட்டாரு போல" என்று புலம்பியபடியே அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள் ஆரோக்கியம்மாள். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் பிள்ளைகுட்டி இருந்த ஆளுக்கு இப்போது பெண்டாட்டியே இல்லை.

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து கோழிக்குழம்பு வாசம் வந்தது. திறந்த வாயில் எச்சில் ஊறியது. விடியற்காலையில் வெறும் டீ குடித்த வயிறு அது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்.

"அடியே, அது மாப்பிள்ளை வீட்டுக்கு அடிச்ச கோழி" என்று சவரிமுத்து மனைவியின் காதைக் கடித்தார்.

"சூசையப்பருக்கு ரசத்தையா ஊத்தச் சொல்றீங்க?"

சூசையப்பர் பேரில் வந்தவர் சளைக்கவில்லை. தொடைக்கறியில் ஆரம்பித்து, பாயசத்தில் முடித்து, கை கழுவிவிட்டு வந்தார். வேப்பமரத்தடிக் கட்டிலில் ஒரு நிமிஷம் உட்கார்கிறேன் என்றவர் அப்படியே சாய்ந்தார். குறட்டை வாசல் தாண்டிக் கேட்டது.

சவரிமுத்து தெருவுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார்.

"எழுப்பி அனுப்பு ஆரோக்கியம். அவங்க வந்து இறங்குற நேரத்துல வாசல்ல இப்படி ஒரு ஆளு கெடந்தா என்ன நெனப்பாங்க? மாப்பிள்ளையோட அப்பா பெரிய கோவக்காரராம். ஒரு வீட்டுல காப்பி ஆறிப்போச்சுன்னு சம்பந்தமே வேணாம்னு எந்திரிச்சு வந்தவராம்!"

"தூங்குறவர எழுப்புனா பாவம். பஸ்ஸு வரட்டும், பாத்துக்கலாம்."

பஸ் வரவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது. அடுப்பில் குழம்பு ஆறியது. கட்டியிருந்த பட்டுப்புடவையில் ஞானப்பூ வேர்த்துக் கொட்டினாள்.

"அவங்க வரமாட்டாங்கப்பா" என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள்.

மகள் அழுவதைப் பார்த்ததும் சவரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. பெண் பார்க்க வராதவர்கள் மேல் கோபப்பட முடியாது. கோபம் முழுக்க பஸ் மேல் திரும்பியது.

"அவங்கள ஏன் சொல்றே? எல்லாம் அந்த டிரைவர் பயலாலதான்! எம்மக வாழ்க்கைய நடுரோட்டுல விட்டுட்டு எந்த மரத்தடியில மல்லாந்து தூங்குறானோ!"

அவர் போட்ட சத்தத்தில் கட்டிலில் கிடந்தவர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஐயையோ, அசந்துட்டேனே! இவ்வளவு நேரமாச்சா?"

"நல்லாத் தூங்குனீங்களாய்யா?" என்று ஆரோக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அதான் சாப்பிட்டு எந்திரிச்சாச்சே, இனிமே பொருத்தனைக்குக் குத்தமில்ல. சொல்லுங்க, நீங்க ஆரு?"

அவர் டின்னைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடியபடியே கத்தினார்.

"இப்ப ஐயா ஏசுனாரே, அந்த டிரைவர்தாங்க! என்ஜின் கொதிச்சுப்போயி பஸ்ஸு கம்மாக்கரையில நிக்குது. உள்ள ஒரு குடும்பம், பொண்ணு பாக்கப் போறாங்களாம், குடிக்க ஒரு வாய் தண்ணிகூட இல்லாம நான் எப்ப வருவேன்னு வெயில்ல வெந்துக்கிட்டு இருக்காங்க!"