இருபத்திரண்டு விஷு

முதலில் அநியாயம் செய்தவன் தம்பி பவித்ரன்தான். எந்தக் கோயில் நடையில் நிறுத்திக் கேட்டாலும் கேளுக்குட்டி அதைத்தான் சொல்வார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்த அன்று, வருஷப் பிறப்பு விடியலில் கண் திறந்ததும் பார்க்க அம்மா விஷுக்கணி வைத்துவந்த வெண்கல உருளியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான்.

"வீடு என் பங்குக்கு வந்தாச்சு. உருளியும் வீட்டோடதான்."

மூத்தவனுக்குச் சேர வேண்டிய உருளி அது.

'ஏட்டா, ஏட்டா' என்று அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டே வளர்ந்த பயல். அவனுக்குக் கூரை ஓட்டுக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தது இவர். இயந்திரம் அவன் ஆள்காட்டி விரலில் பாதியைத் தின்றபோது, தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் இவர். அதற்கெல்லாம் இதுதான் கூலி!

அந்த வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. மனைவி சௌமினி விஷு தவறாமல் அலுமினியத் தாம்பாளத்தில் கணி வைத்தாள். விஷு தவறாமல் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் முதல் பட்டாசு வெடித்தது.

இந்த வருஷம் தாம்பாளமும் வேண்டாம் என்றுவிட்டார்.

"வருஷம் பொறக்கிற அன்னிக்குக் கணி பாக்காம இருப்பாங்களா?"

"பாக்கறதுக்குக் கண்ணு வேணுமேடி."

சர்க்கரை நோய் இடது கண்ணை முன்பே எடுத்துக்கொண்டது. போன ஓணம் முடிந்த கையோடு வலதும் போயிற்று. இனி வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

அன்று சௌமினியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அந்தப் பக்கம் தெரியக் கூடாது. தெரிஞ்சா கைகொட்டிச் சிரிப்பான்."

அதற்காகவே தினமும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார். தலைகீழாக இருந்தால் சௌமினி வந்து சத்தமில்லாமல் திருப்பி வைப்பாள்.

"விஷு அன்னிக்கு நம்ம வீட்ல விளக்கு எரியலன்னா அவருக்குச் சந்தேகம் வராதா? அப்புறம் உங்க இஷ்டம்" என்றாள்.

அது தைத்தது.

"சரி, வை. ஆனா கண்ணைப் பொத்திக் கூட்டிட்டுப் போற கூத்தெல்லாம் வேணாம். மூடிப்போன கண்ணை இன்னொரு தரம் எதுக்கு மூடணும்?"

"பொத்தாம கூட்டிட்டுப் போனா அது கணியே இல்ல."

விடியும் முன்பே எழுப்பிவிட்டாள். கட்டிலைவிட்டு எழுந்ததும் பின்னாலிருந்து ஒரு கை அவர் கண்களைப் பொத்தியது.

"மெதுவா. நிலைப்படி வருது, காலைத் தூக்கி வைங்க."

ஊரில் அங்கங்கே பட்டாசு வெடிக்கத் தொடங்கியிருந்தது. கேளுக்குட்டி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் சத்தமே இல்லை.

"என்னடி, அந்தப் பக்கம் ஓசையே காணோம்? செத்துகித்துப் போயிட்டானா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவுங்க!"

கண்மேல் இருந்த கை இன்னும் அழுத்திப் பொத்தியது. பலகையில் உட்கார வைத்தார்கள்.

"இப்பத் திறங்க."

கை விலகியது. திறந்தார். விளக்கின் சூடு முகத்தில் பட்டது. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?" என்றாள் சௌமினி.

"அமோகம். இந்த வருஷம் இருட்டு நல்ல விளைச்சல்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கணிமேல் வைத்தாள். அரிசி. வெள்ளரிக்காய். மெத்தென்று கொன்றைப்பூ. சில்லென்று கண்ணாடி. தனக்கு இனி ஒரு முகமும் காட்டாத அந்தக் கண்ணாடியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்தார். கை நழுவி விளிம்பில் விழுந்தது.

தாம்பாளத்தின் விளிம்பு கத்திபோல மெலிசு. இது கட்டைவிரல் பருமன்.

விரல் விளிம்போடு சுற்றிச் சுற்றிப் போனது. ஓரிடத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சிறுவயதில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கிணற்றடிக் கல்லில் விழுந்து பெயர்ந்த சில்லு.

"அவன் கால்ல போய் விழுந்தியா?"

"நான் மதில் பக்கமே போகல."

"என் கண்ணு போனதைச் சொன்னியா?"

"நான் வாயே திறக்கல. ஏழு மாசமா நீங்க பேப்பர் படிக்கிற அழகை அவருந்தான் மதிலுக்கு மேல பாத்துட்டிருக்காரு. ஒருநாள் திருப்பி வைக்க மறந்துட்டேன்."

கேளுக்குட்டியின் கை தானாக இமைகளுக்குப் போனது. சௌமினிக்கு ஐந்து விரலும் முழுசாக உண்டு. சற்று முன் பொத்தின கையில் ஒரு விரல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது.

அவர் திரும்பவில்லை.

"கண்ணு இருந்தப்பவே கொண்டுவந்திருக்கக் கூடாதா? இருபத்திரண்டு விஷு எனக்கு வரணும், பவித்ரா. எப்படித் தருவே?"

முதுகுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, இத்தனை வருஷம் கேட்காத குரல்.

"தர முடியாது, ஏட்டா."